சத்தம் மட்டும் போகணும்

பதினேழாம் நம்பர் ஸ்பேனர அவன் மண்டையில எந்த இடத்துல போட்டா ஒரே போடுல சாய்வான்னு எனக்குத் தெரியும், காதுக்கு மேல, பொட்டுல, கிருதா ஆரம்பிக்கிற இடத்துல, ஆனா நான் என்னத்தச் செஞ்சேன், வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள, டீ சொல்லவான்னு பல்ல இளிச்சேன். தூ. என் பட்டறை, என் ஸ்பேனரு, போர்டுல என் பேரு, சோலைமலை டூ வீலர் ஒர்க்ஸ்னு அம்மாம் பெருசா, என் கூடப் பிறந்தவ பேச்சியோட கையத் திருகி ஒடச்சவன் என் ஸ்டூல்லயே கால் மேல கால் போட்டு உக்காந்து டீய ஊதி ஊதிக் குடிக்கிறான், இனிப்புக் கம்மி மச்சாங்கிறான், நான் டீக்கடையப் பாத்து சீனி கொண்டாங்கப்பான்னு கத்துறேன். தங்கச்சி புருசன் வந்தா அப்படித்தான், எங்க பக்கம் அது எழுதாத சட்டம், வரிசையில நிக்கிற வாத்தியார் வண்டியும் ஓரம் போகணும், பால்காரர் வண்டியும் ஓரம் போகணும், தவமணி மாப்ள வண்டி உள்ள வரணும். அதுவும் கல்யாணத்துக்கு நாங்க சீர்ல குடுத்த வண்டி. 'பிரேக்கு நல்லாத்தான் பிடிக்குது மச்சான், சத்தம் மட்டும் போகணும்'னான். 'பின்னால மிதிச்சா வீல்னு கத்துது. தெருமுனை திரும்புறப்பவே நான் வர்றேன்னு ஊருக்கெல்லாம் தண்டோரா போடுது. அசிங்கமா இருக்கு.' மில்லு யூனியன் கூட்டம் இருக்கு, மூணு மணிக்கு வர்றேன்னு போயிட்டான். டம்ளர ஸ்டூலுக்கு அடியில வச்சுட்டுப் போனான். அத எடுத்துச் செவுத்துல எறிஞ்சேன். டீக்கடைக்காரரு எட்டிப் பாத்தாரு, கை தவறிருச்சுண்ணேன்னேன்.

வண்டிய நடு ஸ்டாண்டுல ஏத்துறப்ப சைலன்சர் சூடு முழங்கையில பட்டுச்சு, படட்டும், பொசுங்கட்டும், இந்தக் கை இருந்து என்னத்தக் கிழிச்சுச்சு. பிரேக் கம்பிய விட்டேன், ஆக்சில் நட்டக் கழட்டுனேன், ஆக்சில் துருவேறி இறுகிக் கிடக்கு, சுத்தியல எடுத்தேன். ஒரு அடி, அது அவன் பல்லுக்கு. இன்னொரு அடி, அது மூக்கெலும்புக்கு. எலும்புன்னு நெனச்சாலே அந்த எக்ஸ்ரே படம் வந்து முன்னால நிக்குது, பேச்சியோட எடது முன்னங்கை, வெள்ளையா, அதுல சுருட்டிக்கிட்டு ஓடுற ஒரு கோடு. 'பாத்ரூம்ல வழுக்கிட்டேண்ணே'ன்னா அவ. கட்டுப் போட்ட டாக்டரு என்னயத் தனியாக் கூப்பிட்டு, 'வழுக்கி விழுந்தா இப்படி ஒடையாதுங்க, யாரோ முறுக்கியிருக்காங்க'ன்னாரு. எனக்கு அவரு சொல்லணுமா? இருபது வருசமா போல்ட்டத் திருகித் திங்கிறவன் நான், அளவுக்கு மேல முறுக்குன போல்ட்டு எப்படி அறும்னு எனக்குத் தெரியாதா, இப்படித்தான், சுருட்டிக்கிட்டு அறும். அன்னைக்கே போயி அவன் கைய முறுக்கியிருக்கணும். போனேனே. போனேன். வாசல்லயே நின்னான், 'வாங்க மச்சான், உங்க தங்கச்சி கீழ பாத்து நடக்குறதே இல்ல'ன்னான், அதுக்கு நான் என்ன சொன்னேன், பாத்ரூமுக்குச் சொரசொரன்னு இருக்கிற டைல்ஸ் போடுங்க மாப்ளன்னு சொன்னேன். டைல்ஸ்! இந்த வாயில ஆக்சிலச் சொருகணும். நாலாவது அடிக்கு ஆக்சில் வெளிய வந்துச்சு, சக்கரத்த உருவித் தரையில சாய்ச்சேன்.

பிரேக் தட்டத் தூக்குனதும் கருப்புத் தூசி குப்புன்னு கெளம்பி மூஞ்சியில அடிச்சுது, இருமல். பிரேக் ஷூ ரெண்டும் கண்ணாடி கணக்கா மினுமினுங்குது, மினுமினுப்பு ஏறுனா கத்தத்தான் செய்யும், உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பு ஏத்தணும். தேய்க்கிறேன். தேய்க்கிறது கைக்குத்தான் வேல, தலைக்கு வேல இல்ல, தலை சும்மா இருந்தா அங்கதான் போகுது, பேச்சி மக யாழினிக்குக் காது குத்துன அன்னைக்கு. தாய்மாமன் மடியில வச்சுத்தான் பிள்ளைக்குக் குத்தணும், நான் பட்டு வேட்டி கட்டி மணையில உக்காந்திருக்கேன், மடியில மொட்டத்தலையோட பிள்ளை, ஆசாரி ஊசிய எடுக்கிறாரு, மேளம் கொட்டுது, அந்த நேரம் பாத்து சமையக்கட்டுக் கதவு இடுக்குல என் கண்ணு போகுது. அவன் பேச்சியோட கொண்டையப் பிடிச்சு செவுத்துல ஒரு முட்டு முட்டுறான். ஒரே ஒரு முட்டு. கன்னத்துல அடிச்சா வந்த சனத்துக்குத் தெரியும்ல, அம்புட்டு வெவரம். மாலை கொண்டார லேட்டாம், அதுக்கு. மேளத்துல ஒண்ணும் கேக்கல. நான் எந்திரிக்கல. பிள்ளைய மடியில வச்ச தாய்மாமன் குத்தி முடியிற வரைக்கும் எந்திரிக்கப்படாது, சாங்கியம், நான் எந்திரிக்கல. ஊசி எறங்குச்சு, பிள்ளை வீல்னு கத்துச்சு, நான் வாயில கருப்பட்டிய வச்சு ஒண்ணுமில்லடா தங்கம், ஒண்ணுமில்லடாங்கிறேன், கண்ணு கதவு இடுக்குல கெடக்கு. சரி, குத்தி முடிஞ்ச பெறகாச்சும் எந்திரிச்சுப் போயி அவன் கொரவளையப் பிடிச்சேனா? பந்தி போட்டாங்க. அவன் பக்கத்துலயே உக்காந்து தின்னேன். மாப்ள இலைக்கு அப்பளம் வைக்கலயேன்னு நான்தான் சத்தம் போட்டேன். அந்த அப்பளம் இன்னும் தொண்டையில நிக்குது. உப்புத்தாள் கிழிஞ்சதும் தெரியல, விரல் தேஞ்சு ரத்தம் ஷூவுல பட்டுருச்சு, ரத்தம் பட்டா பிடிக்காது, பெட்ரோல் போட்டுத் தொடச்சேன், விரல் திகுதிகுன்னு எரிஞ்சுச்சு, நல்லா எரியட்டும்னு இன்னொரு தடவ முக்குனேன்.

ரெண்டு தடவ வந்தா எங்கிட்ட. மொதத் தடவ ஆடியில, கழுத்துல விரல் தடத்தோட. நாலு நாள் வச்சிருந்தேன், அதுக்குள்ள தெருவுல ஒவ்வொருத்தியா வந்து, என்ன பேச்சி, தலை ஆடிக்குத்தான கூட்டியாருவாக, உனக்கு வருசா வருசம் ஆடியான்னு இளிக்கிறாளுக. ஊர் வாய மூட உலைமூடி ஏது. நானே என் வண்டியில பின்னால உக்கார வச்சுக் கொண்டு போயி விட்டேன். அடிக்கிற கைதான் ஆத்தா அணைக்கும்னேன். இந்த வாயிதான் சொன்னது. ரெண்டாந் தடவ பங்குனிப் பொங்கல் கழிச்சு, அப்பப் பிள்ளையும் வந்துச்சு பள்ளிக்கூடப் பையோட, பைக்குள்ள புத்தகம் இல்ல, ரெண்டு கவுனும் ஒரு சீப்பும்தான். ரெண்டே நாள்ல அவன் வந்தான், தப்புத்தான் மச்சான், இனிமே கை வைக்க மாட்டேன்னு எங்கால்ல விழுந்தான். விழுந்தவன மூஞ்சியோட சேத்து எத்தியிருக்கணும், பல்லு அம்புட்டும் வாசப்படியில சிந்தியிருக்கணும், நான் எந்திரிங்க மாப்ளன்னு தூக்கி விட்டேன். பேச்சி எந்திரிச்சா. பிள்ளைக்குத் தலை சீவுனா, சீப்பப் பைக்குள்ள போட்டா, நடந்தா. அதுக்குப் பெறகு என்னா நடந்தாலும் அவளுக்குப் பாத்ரூம் வழுக்குனதுதான். இன்னைக்குக் காலையில போன் போட்டா. என்னத்தான்னேன். 'ஒண்ணுமில்லண்ணே, அவுக வண்டிய ஒங்கிட்டக் கொண்டாருவாக, சத்தத்த எடுக்கணும்னு. அந்தச் சத்தம் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லண்ணே, நீ மெனக்கெடாத, விட்டுரு'ன்னா. ஏத்தா, அண்ணனுக்கு இது ஒரு வேலையாங்கிறதுக்குள்ள வச்சுட்டா. பாவி மக, ஒத்தக் கையில சோறாக்கிக்கிட்டு, அண்ணன் மெனக்கெடக் கூடாதாம்.

ஷூவ மாட்டிட்டேன், ஸ்பிரிங்க மாட்டிட்டேன், கிரீஸ் வச்சேன், சக்கரத்த ஏத்தி ஆக்சிலத் தள்ளி இறுக்கிட்டேன், பிரேக் கம்பியவும் பூட்டிட்டேன். மிச்சம் இன்னொரு கம்பி. பிரேக்க மிதிக்கிறப்ப தட்டு சக்கரத்தோட சேந்து சுத்திறாம இழுத்துப் பிடிக்கிற கம்பி, அதோட முனையில ஒரு நட்டு, அந்த நட்டு அதிர்ச்சியில கழண்டு வராம இருக்க ஒரு காட்டர் பின். கம்பிய மாட்டுனேன், நட்ட விரலால திருகுனேன், பின்ன எடுத்தேன், அப்படியே நின்னேன். கட்ட விரல் நகம் தண்டி இருக்கு. இது இல்லன்னா நட்டு இன்னைக்கே கழறாது. நாலு நாள், அஞ்சு நாள், மேடு பள்ளத்துல ஆடி ஆடி ஒரு நாள் கழறும், அன்னைக்கு ரயில்வே பாலத்து எறக்கத்துல லாரிக்குப் பின்னால அவன் அழுத்தி ஒரு மிதி மிதிப்பான், தட்டு சுத்தும், சக்கரம் பூட்டிக்கும், ஆளத் தூக்கி எறியும். ஹெல்மெட்டும் போட மாட்டான், ராசா. மொதல்ல தாடை போகும், பெறகு மண்டை. பாலத்துச் செவுருல அவன் மூளை ஒட்டியிருக்கிறது எனக்கு இப்பவே தெரியுது, வெயில்ல ஈ மொய்க்கிறது தெரியுது, அதப் பாத்து வயித்துக்குள்ள குளுகுளுன்னு இருக்கு, சத்தியமா இருக்கு. யாருக்குத் தெரியப் போகுது? பின்னு விழுந்திருச்சும்பாங்க. அந்தப் பின்ன சட்டைப் பையில போட்டேன். நட்ட ஸ்பேனர் வச்சுக் கூட இறுக்கல.

பெறகு? பெறகு சாவு வீடு. கொட்டு அடிப்பாங்க, பேச்சிய நடுவீட்டுல உக்கார வைப்பாங்க, கோடிச் சேலை யாரு கொண்டாருவா, பிறந்த வீட்டு அண்ணன்தான் கொண்டாரணும். நாந்தான் கடைக்குப் போகணும், அவளுக்கு எந்தக் கலருன்னு கடைக்காரன் கேட்டா நான் சொல்லணும், நானே கொன்னுட்டு நானே கோடி எடுத்துட்டுப் போயி அவ தலையில போடணும், அவ நிமிந்து என்னயப் பாப்பா. பாத்தா தெரிஞ்சுரும் அவளுக்கு. சின்னதுல நான் சட்டியில வெல்லம் திருடித் தின்னதயே மூஞ்சியப் பாத்துச் சொன்னவ. தெரிஞ்சாத் தெரியட்டும். செத்தாச் சரி. இல்ல, அவ ஜெயில்ல வந்து என்னயப் பாப்பாளா? அட, அத விடு, ஞாயித்துக்கிழமை அவளையும் பிள்ளையையும் ஏத்திக்கிட்டு அவன் சந்தைக்குப் போவானே. அதே பாலம். போவானா? கை ஒடஞ்சிருக்கு, இப்பக் கூட்டிட்டுப் போக மாட்டான். போனா? பையத் தொட்டுப் பாத்தேன், பின்னு இருக்கு. போடு சோலைமலை. போட மாட்டேன். மொதல்ல சத்தம் போயிருச்சான்னு பாப்போம், பெறகு யோசிப்போம்னு சக்கரத்தக் கையால சுத்தி விட்டு பெடல அமுக்குனேன், பூனை கணக்கா நின்னுச்சு, ஒரு முனகல் இல்ல.

ரோட்டுல எறக்கி ஒரு ரவுண்டு பாக்காம வண்டியக் குடுக்கிற பழக்கம் எனக்கில்ல. நட்டு ஒரு ரவுண்டுல கழறாதுன்னு தெரியும், கழண்டா நாந்தான சாவேன், அதுவும் நல்லதுக்குத்தான்னு உதைச்சுக் கெளப்புனேன். அரச மரத்துக்கிட்ட மிதிச்சேன், வீல். அதே வீல். எனக்கு வந்துச்சே கோவம்! நாங் கை வச்ச வண்டி கத்துறதா? இம்புட்டுத் தேய்ச்சு, ரத்தம் வரத் தேய்ச்சு? டிரம்முல கோடு விழுந்திருக்கணும், லேத்துல குடுத்துக் கடையணும், இல்ல வண்டியே அவன மாதிரி ஆயிருச்சு. மறுபடி மிதிச்சேன், வீல். மிதிச்சு மிதிச்சு விட்டு, விட்டு விட்டு மிதிச்சு, ரோட்டுல போற சனம் காதப் பொத்துது, ஒரு கெழவர் என்ன எளவுடா இதுன்னு வைய்றாரு, நான் பல்லக் கடிச்சுக்கிட்டுப் போறேன், கையி அதுபாட்டுக்குத் திருப்புது, பாத்தா பேச்சி வீட்டுத் தெரு. வரணும்னு வரல. வந்ததுதான் வந்தோம், பிள்ளையப் பாத்துட்டுப் போவோம், தண்ணி ஒரு செம்பு குடிப்போம்னு வாசல்ல அழுத்தி நிறுத்துனேன். வீல்னு அந்தக் கத்து கத்துச்சு.

உள்ள மிக்ஸி ஓடிக்கிட்டிருந்துச்சு, டக்குன்னு நின்னுச்சு. டிவியில பொம்மைப் படம் பேசிக்கிட்டிருந்துச்சு, அதுவும் நின்னுச்சு. கொலுசுச் சத்தம் குடுகுடுன்னு ஓடி எங்கயோ போயி அடங்குச்சு. தாழ்ப்பாளு விழுந்துச்சு. மேல் தாழ்ப்பாளு. பெறகு கீழ. பெறகு கடகடன்னு ஒரு சத்தம், எனக்கு அது தெரியும், கேஸ் சிலிண்டரத் தரையில உருட்டுற சத்தம், விட்டு விட்டு வருது, ஒத்தக் கையால உருட்டுறா, கதவுல வந்து மொத்துன்னு முட்டுச்சு. அம்புட்டும் நான் பத்து எண்ணுறதுக்குள்ள. பெறகு ஒண்ணுமில்ல. பட்டப் பகல், மணி ரெண்டு கூட ஆகல, வீடு செத்துக் கிடக்கு. நான் வண்டி மேல உக்காந்தபடி இருக்கேன், நாந்தான்னு சொல்ல வாயி வரல. கதவுக்கு அந்தப் பக்கம், கீழ, பிள்ளையோட குரல் வந்துச்சு, ரொம்ப மெல்லமா, ரொம்ப மரியாதையா. 'அப்பா, அம்மா தூங்குறாங்கப்பா. நாங்க சத்தமே போடலப்பா.'

அடப் பாவி. அடப் பாவிப் பய மகனே, இதுக்கா? பிரேக்கு நல்லாத்தான் பிடிக்குது மச்சான், சத்தம் மட்டும் போகணும். தெருமுனையில கேட்டா பத்து எண்ணுறதுக்குள்ள சிலிண்டர் வந்திருமேன்னு, அது வராம, பூனை கணக்கா வந்து நிக்கணும்னு, அதுக்கு என்னயவே, என் கையாலயே... அதான் அவ காலையில போன் போட்டா. நீ மெனக்கெடாதண்ணேன்னா. நான் விழுந்து விழுந்து மெனக்கெட்டேன். ரத்தம் வரத் தேய்ச்சேன். இந்த வண்டி மட்டும் எம் பேச்சக் கேட்டுக் கத்தாம வந்திருந்துச்சுன்னா. எறங்குனேன். 'யாழினி, மாமாடா. மாமா மட்டுந்தான்'னேன். கதவுகிட்டக் குனிஞ்சேன். 'அப்பா இல்லடா, நான் சோலை மாமா'ன்னேன். சிலிண்டரு நகந்துச்சு, தாழ்ப்பாளு ஒண்ணு, தாழ்ப்பாளு ரெண்டு, கதவு ஒரு சாண் தெறந்துச்சு, பேச்சி நிக்கிறா. மாவுக்கட்டு போட்ட கையக் கழுத்துல தொங்க விட்டு, இன்னொரு கையில அம்மிக் குழவி. அவ மொதல்ல என்னயப் பாக்கல, வண்டியப் பாத்தா. 'சரி பண்ணிட்டியாண்ணே?'

'சத்தம் போகலத்தா'ன்னேன். அவ மூஞ்சியில ஒரு உசுரு வந்துச்சு பாருங்க, கல்யாணத்தன்னைக்குக் கூட அப்படி வரல. குழவியக் கீழ வச்சா. 'கெளம்பு'ன்னேன். நின்னா. 'ஏத்தா, கெளம்புங்கிறேன், பிள்ளையக் கூப்பிடு.' அவ கோவப்படல, என்னய வையக்கூட இல்ல, பஸ்ஸு எப்ப வரும்னு கேக்குற மாதிரிக் கேட்டா. 'எத்தன நாளைக்குண்ணே?'

ஆடிக்கு நாலு நாளு. பங்குனிக்கு ரெண்டு நாளு. இந்தக் கேள்விய அவன் கேட்டிருந்தா ஸ்பேனர எடுத்திருப்பேன், இவ கேக்குறா. அந்த நேரம் பாத்து பையில போன் அடிக்குது. அவன்தான். பேச்சிக்கு அடிக்கிற சத்தத்துலயே தெரிஞ்சுருச்சு, பின்னால ஒரு எட்டு வச்சா. எடுத்தேன். 'என்ன மச்சான், முடிஞ்சிருச்சா? சத்தம் போயிருச்சா?'ங்கிறான், பின்னால கூட்டத்துல யாரோ கை தட்டுறாங்க. எட்டு வருசமா இவன வாங்க போங்கன்னுதான் கூப்பிட்டிருக்கேன், அடிச்ச கைக்கு அப்பளம் வச்சிருக்கேன். 'இல்லடா தவமணி'ன்னேன். 'என்ன மச்சான், டாங்கிறீங்க?' 'டாதாண்டா. ஒன் வண்டிய நாளைக்கு நடுரோட்டுல போட்டு வைக்கிறேன், கத்தக் கத்த ஓட்டிக்கிட்டுப் போ. பேச்சி எங்கூட இருக்கா, இனிமே என் வீட்டுலதான் இருப்பா. அவளக் கேட்டு என் வாசல மிதிச்சேன்னு வையி, அவ கைய முறுக்குன மாதிரி ஒன் கைய முறுக்கி ஒன்கிட்டயே குடுத்து அனுப்புவேன். ஸ்டேசனுக்குப் போறியா, போ, நானும் அந்த எக்ஸ்ரேயத் தூக்கிட்டு அங்கதான் வர்றேன்.' வச்சேன்.

பேச்சி உள்ள போனா. வர்றப்ப பிள்ளை தோளுல பள்ளிக்கூடப் பை இருந்துச்சு, இந்தத் தடவ உப்பிக்கிட்டு இருந்துச்சு, புத்தகமும் இருக்கு போல. மாமான்னு ஓடி வந்து வண்டியில ஏறப் போச்சு. 'ஏறாத'ன்னு கத்திட்டேன். பிள்ளை அப்படியே பயந்து நின்னுருச்சு, பேச்சி அதோட தோளப் பிடிச்சுக்கிட்டா. 'இருடா, இரு தங்கம், ஒண்ணுமில்ல'ன்னு தெருவுல முட்டி போட்டு உக்காந்தேன், வண்டி டூல்ஸ் பெட்டியில கெடந்த ஸ்பேனரயும் குறடையும் எடுத்து நட்டத் திருகுனேன், அரைச் சுத்து அதுக்குள்ளயே கழண்டுதான் இருந்துச்சு. சட்டைப் பையில கைய விட்டு அந்தப் பின்ன எடுத்தேன். பேச்சி அதப் பாத்தா, என் பையப் பாத்தா, என் மூஞ்சியப் பாத்தா. பின்ன ஓட்டையில சொருகி, ரெண்டு காலையும் விரிச்சு, குறடால நல்லா மடக்கி விட்டு, இழுத்துப் பாத்தேன், இன்னொரு தடவ இழுத்துப் பாத்தேன். 'இப்ப ஏறு'ன்னேன்.